வங்கிக்கு உத்தரவாதம், ஏழைக்கு என்ன? அமெரிக்கக் கிராமப்புற வீட்டுக்கடன் குறித்து ஒரு வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அமெரிக்காவில் தமிழர்கள் வீடு வாங்குவதைப் பற்றித் தமிழ் நாளிதழ்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் பெருநகரங்களையும் அவற்றின் புறநகர்களையும் ஒட்டியே அமைந்துவிடுகின்றன. கிராமப்புறக் கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளில்) வீடு வாங்குவோருக்கு அந்நாட்டின் கூட்டாட்சி அரசு துணை நிற்கும் கடன்களைப் பற்றியும், அவற்றுள் மிக எளியவர்களுக்கான கடன் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பற்றியும் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு. 2026 நிதியாண்டுக்காக 2025 மே மாதம் வெள்ளை மாளிகை வெளியிட்ட வரவு செலவு முன்மொழிவு, அரசே நேரடியாகத் தரும் கிராமப்புற வீட்டுக்கடனை நிறுத்திவிடலாம் என்றது. வங்கிகள் தரும் கடனுக்கு அரசு உத்தரவாதம் அளிக்கும் ஏற்பாடு ஒன்றே போதும் என்ற எண்ணம் அதன் பின்னே இருக்கிறது. அந்த எண்ணம் தவறானது என்பதே இக்கடிதத்தின் வழி நான் சொல்ல விரும்புவது.

நான் கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் உள்ள துலேரி கவுண்டியில் வசிக்கிறேன். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே ஏறத்தாழ 4 லட்சத்து 73 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். பால் உற்பத்தியில் நாட்டின் முன்னணிக் கவுண்டி இது. ஆரஞ்சும் திராட்சையும் பாதாமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை விளைகின்றன. இவற்றைப் பறித்தும் கறந்தும் பெட்டியில் அடுக்கியும் பிழைக்கும் குடும்பங்கள் வாடகை வீடுகளிலும் பழைய டிரெய்லர்களிலும் நெருக்கியடித்து வாழ்கின்றன. எஸ்க்ரோ அலுவலகம் ஒன்றில், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் கடன் தரும் நிறுவனத்துக்கும் நடுவே நின்று பணத்தையும் பத்திரங்களையும் முறைப்படி கைமாற்றித் தருவது என் தொழில். ஆகவே இருவகைக் கடன்களின் ஆவணங்களும் என் மேசை வழியே போகின்றன.

முதலில் உத்தரவாதக் கடனைச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் கேட்டறிவது அதைப் பற்றித்தான். அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஊரக மேம்பாட்டுப் பிரிவு இக்கடனைத் தானே தருவதில்லை. துறையின் ஒப்புதல் பெற்ற வங்கியோ அடமானக் கடன் நிறுவனமோ தன் பணத்தைத் தருகிறது. வாங்கியவர் தவணை கட்டத் தவறி, வீட்டை விற்றும் கடன் தீராமல் போனால், அந்த நிறுவனத்துக்கு நேரும் நட்டத்தைக் கடன் தொகையில் 90 சதவீதம் வரை ஈடுகட்டுவதாகத் துறை எழுதிக் கொடுக்கிறது. இந்தத் துணிவில்தான் வங்கி முன்பணம் எதுவும் கேட்காமல் வீட்டின் முழு மதிப்புக்கும் 30 ஆண்டு நிலைவட்டிக் கடன் தர முன்வருகிறது. இதற்கு ஈடாக, கடன் தொகையில் 1 சதவீதம் தொடக்கக் கட்டணமாகவும், எஞ்சிய அசலில் 0.35 சதவீதம் ஆண்டுக் கட்டணமாகவும் வாங்குபவரிடமிருந்து பெறப்படுகின்றன. 3 லட்சம் டாலர் கடனென்றால் தொடக்கக் கட்டணம் 3,000 டாலர். அதைக் கடனோடு சேர்த்துக்கொள்ளலாம். முதலாண்டுக் கட்டணம் 1,050 டாலர் அளவில் வரும். அது மாதத் தவணையோடு சேர்ந்து போகும். கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்தின் காப்பீட்டோடு வரும் கடனில் அதே விலை வீட்டுக்கு 3.5 சதவீதம், அதாவது 10,500 டாலர், கையிலிருந்து முன்பணமாகப் போக வேண்டும் என்பதோடு ஒப்பிட்டால், சேமிப்பு இல்லாத குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய வாசல் என்பது விளங்கும்.

ஆனால் இக்கடனைப் பேச்சுவழக்கில் அரசுக் கடன் என்று சொல்லிச் சொல்லி, வேலை போனால் அரசு வந்து காப்பாற்றும் என்று நம்பிக்கொண்டிருக்கும் குடும்பங்களை நான் பார்க்கிறேன். உத்தரவாதம் வங்கிக்குத்தான், வாங்குபவருக்கு அன்று. தவணை தவறினால் வீடு ஏலத்துக்கு வரும். அந்த ஏலத்தில் வங்கியின் நட்டம் ஈடாகும், குடும்பத்தின் நட்டம் ஈடாகாது. முழு விலைக்கும் கடன் வாங்கியவருக்கு முதல் சில ஆண்டுகளில் வீட்டில் தனக்கென ஒரு பங்கும் சேர்ந்திராது என்பதால், விலை சற்றே சரிந்தாலும், முகவர் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு விற்று வெளியேறக்கூட அவரால் முடியாது. முன்பணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவசரப்பட வேண்டாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்லி வருகிறேன்.

தமிழ்க் குடும்பங்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று குடியுரிமை நிலை. குடிமக்களும், கிரீன் கார்டு பெற்றோர் போன்ற தகுதியுள்ள குடியேறியவர்களும்தான் இக்கடனைப் பெற முடியும். எச்-1பி போன்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்கள் பெற முடியாது. வீட்டுவசதி நிர்வாகத்தின் காப்பீட்டுக் கடனும் 2025 மே 25 முதல் நிரந்தர வசிப்புரிமை இல்லாதோருக்கு மூடப்பட்டுவிட்டது. ஆகவே விசாவில் இருப்போரிடம் இந்தக் கடன்களைக் காட்டி வீட்டை முன்பதிவு செய்யச் சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

மற்றொன்று வருமானக் கணக்கு. இதுவே அதிகம் இடறும் இடம். உத்தரவாதக் கடனுக்கு, குடும்ப வருமானம் அந்த வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி அதற்குக் கீழும் ஈட்டும் அளவில்) 115 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. குடும்ப வருமானம் என்பது கடன் பத்திரத்தில் கையெழுத்திடுபவரின் சம்பளம் மட்டும் அன்று. அந்தக் கூரையின்கீழ் வாழப்போகும் வயதுவந்த ஒவ்வொருவரின் வருமானமும் அதில் சேரும். மகனோடும் மருமகளோடும் நிரந்தரமாக வந்து தங்கிவிட்ட தந்தையின் ஓய்வூதியமும், வேலைக்குப் போகும் தம்பியின் சம்பளமும் கணக்கில் வரும். குழந்தைகளுக்கும், குழந்தைப் பராமரிப்புச் செலவுக்கும், முதியோர் உள்ள குடும்பங்களுக்கும் சில கழிவுகள் உண்டு. பெற்றோர் பெயரைப் படிவத்தில் எழுதாமல் விட்டுவிடுங்கள் என்று அறிவுரை சொல்லும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். அது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், கடன் முடிந்து பல ஆண்டுகள் கழிந்தும் தொடரக்கூடிய குற்றம். கூட்டுக் குடும்பமாக வாழ்வதை மறைக்க வேண்டிய தேவையே இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதி, வரம்புக்குள் வருகிறதா என்று பார்ப்பதே நேர்வழி.

இனி நேரடிக் கடனுக்கு வருகிறேன். 1949ஆம் ஆண்டு ஜூலையில் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட வீட்டுவசதிச் சட்டத்தின் ஐந்தாம் பகுதியில், 502ஆம் பிரிவில் இது தொடங்குகிறது. அப்போது விவசாயிகளுக்கு மட்டும் என்றிருந்தது. 1961இல் விவசாயம் செய்யாத கிராமப்புற மக்களுக்கும் விரிவாக்கப்பட்டது. வேளாண்மைத் துறை ஏன் வீட்டுக்கடன் தர வேண்டும் என்று கேட்போருக்கு விடை இந்த வரலாற்றில் இருக்கிறது. பல சிற்றூர்களில் அன்று வங்கிக் கிளை இல்லை, இருந்த கிளையும் எளியவரின் வீட்டை ஈடாக ஏற்கத் தயங்கியது. கிராமப்புறக் கவுண்டிகளில் அலுவலகமும் ஆளும் வைத்திருந்தது வேளாண்மைத் துறை. 1970களின் நடுவில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இந்த நேரடிக் கடனால் வீடு பெற்றன. வங்கிகளுக்கான உத்தரவாத ஏற்பாடு 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்ற பிறகு தராசு மெல்ல ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. 2024 நிதியாண்டில் உத்தரவாதத்துக்கு ஒதுக்கப்பட்ட கடன் அளவு 2,500 கோடி டாலர். நேரடிக் கடனுக்கு ஒதுக்கப்பட்டது 88 கோடி டாலர். இன்று நாடு முழுவதிலும் ஆண்டுக்குச் சில ஆயிரம் குடும்பங்களே நேரடிக் கடன் பெறுகின்றன.

உத்தரவாதம் செய்ய முடியாத எதை நேரடிக் கடன் செய்கிறது என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். 2.5 லட்சம் டாலர் கடனை வங்கியில் 6.5 சதவீத வட்டிக்கு 30 ஆண்டுகளுக்கு எடுத்தால் அசலும் வட்டியுமாக மாதம் 1,580 டாலர் ஆகும். ஆண்டுக் கட்டணத்தின் பங்காக இன்னும் 73 டாலர் சேர்ந்து 1,653 டாலர் ஆகும். நேரடிக் கடனின் தவணைக்காலம் 33 ஆண்டுகள். வருமானம் மிகக் குறைந்தவர்களுக்கு 38 ஆண்டுகள் வரை நீளும். அதன் வட்டியை 5 சதவீதம் என்று கொண்டாலும் 33 ஆண்டுத் தவணை 1,290 டாலர்தான். அதற்கு மேல், குடும்பத்தின் வருமானத்தைப் பொறுத்துத் துறை தவணையில் ஒரு பகுதியைத் தானே ஏற்று, வட்டி 1 சதவீதம் என்றிருந்தால் எவ்வளவு கட்ட வேண்டுமோ அந்த அளவு வரை இறக்கித் தரலாம்; அப்படி முழுமையாக இறங்கினால் அதே கடனுக்கு மாதம் ஏறத்தாழ 741 டாலர் கட்டினால் போதும். சொத்து வரியும் காப்பீடும் எல்லோருக்கும் தனி. 741க்கும் 1,653க்கும் இடையில்தான் எங்கள் கவுண்டியின் பழத்தோட்டத் தொழிலாளியின் வீடு இருக்கிறது. உத்தரவாதத்தை எவ்வளவு தாராளமாக்கினாலும் அந்த இடைவெளி மூடாது, ஏனென்றால் உத்தரவாதம் வங்கியின் அச்சத்தைக் குறைக்கிறதே தவிர வாங்குபவரின் தவணையைக் குறைப்பதில்லை.

இந்த உதவி இலவசமும் அன்று. வீட்டை விற்கும்போதோ அதில் குடியிருப்பதை விட்டுவிடும்போதோ, பெற்ற வட்டி உதவியில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ, வீட்டின் விலையேற்றத்தைக் கணக்கிட்டுத் திருப்பித் தர வேண்டும். இதைக் கையெழுத்திடும் நாளில் பலருக்கு யாரும் பொறுமையாக விளக்குவதில்லை என்பது எனக்கு வருத்தம். மறுபுறம், வேலையிழப்பாலோ நோயாலோ வருமானம் குலைந்தால், தகுதியுள்ளவருக்குத் தவணையை இரண்டு ஆண்டுகள் வரை ஒத்திவைக்கவும் துறைக்கு அதிகாரம் உண்டு. கடன் கொடுத்தவரே அரசு என்பதால் வரும் பொறுமை இது.

இதே வேலையை வேறு திட்டங்களும் செய்கின்றன, எனவே நேரடிக் கடன் தேவையில்லை என்பது அதை நிறுத்த விரும்புவோரின் வாதம். நேரடிக் கடனுக்கான விதியே இதற்கு விடை சொல்லிவிடுகிறது. விண்ணப்பிப்பவர், தான் தாங்கக்கூடிய நிபந்தனைகளில் வேறெங்கும் கடன் கிடைக்காதவராக இருக்க வேண்டும். வருமானம் வட்டார இடைநிலையில் 80 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். ஒதுக்கீட்டில் குறைந்தது 40 சதவீதம் அந்த இடைநிலையில் பாதிக்கும் கீழே இருப்போருக்குப் போக வேண்டும். வங்கி ஏற்றுக்கொள்ளும் ஒருவர் இந்த வாசலுக்குள் நுழையவே முடியாது. அப்படியிருக்க, ஒரு திட்டம் மற்றொன்றின் வேலையைச் செய்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

வெள்ளை மாளிகையின் அதே முன்மொழிவு சுய உதவி வீட்டுவசதி மானியத்தையும் நிறுத்தச் சொன்னது. அதன் தொடக்கமே எங்கள் கவுண்டி என்பதால் இதைச் சற்று விரித்து எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். 1960களின் தொடக்கத்தில், குவேக்கர் சமயத்தாரின் சேவைக் குழு ஒன்று இங்குள்ள கோஷன் என்ற சிற்றூரில் பண்ணைத் தொழிலாளர் குடும்பங்கள் மூன்று, ஒருவர் வீட்டை ஒருவர் கட்டிக்கொள்ளத் துணை நின்றது. அந்த முயற்சியிலிருந்து 1965இல் விசேலியா நகரில் செல்ஃப் ஹெல்ப் எண்டர்பிரைசஸ் என்ற அமைப்பு பிறந்தது. எட்டு முதல் பன்னிரண்டு குடும்பங்கள் ஒரு குழுவாகச் சேர்கின்றன. நிலத்துக்கும் கட்டுமானப் பொருளுக்கும் 502 நேரடிக் கடன் பயன்படுகிறது. கட்டுமான வேலையில் ஏறத்தாழ 65 சதவீதத்தைக் குடும்பங்களே செய்கின்றன. குடும்பத்துக்கு வாரம் 40 மணி நேரம் உழைப்பு என்பது இங்குள்ள ஒழுங்கு. பகலில் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு மாலையிலும் வாரக் கடைசியிலும் உறவினரோடு வந்து மரச்சட்டகம் நிறுத்தி, ஆணி அடித்து, வண்ணம் பூசுகிறார்கள். குழுவின் கடைசி வீடு முடியும் வரை முதல் வீட்டுக்காரரும் குடிபோகக் கூடாது. வங்கி முன்பணமாகக் கேட்டிருக்கக்கூடிய தொகையை அவர்கள் தங்கள் கைகளால் ஈட்டிவிடுகிறார்கள். முதல் நாளிலேயே வீட்டில் தமக்கென ஒரு பங்கோடு உள்ளே நுழைகிறார்கள். உத்தரவாதக் கடனில் நான் மேலே குறிப்பிட்ட ஆபத்து இவர்களுக்கு இல்லை. நாடு முழுவதும் 50,000க்கும் மேற்பட்ட வீடுகள் இந்த முறையில் எழும்பியிருக்கின்றன.

குழுவைக் கூட்டுவதும், விண்ணப்பங்களை நிரப்புவதும், கட்டுமான மேற்பார்வையாளருக்குச் சம்பளம் தருவதும் அந்த மானியத்தால்தான் நடக்கின்றன. மானியம் நின்றால் கடன் இருந்தும் பயனில்லை. கடன் நின்றால் மானியம் இருந்தும் பயனில்லை. இரண்டும் சேர்ந்தே உயிர் வாழ்பவை.

கிராமப்புற வீட்டைப் பொறுத்தவரை நகரத்து வாங்குநர் நினைத்துப் பார்க்காத ஒன்று தண்ணீர். நகரக் குழாய் எட்டாத ஊர்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி ஆழ்துளைக் கிணறும், தனிக் கழிவுநீர்த் தொட்டியும் இருக்கின்றன. துறையின் ஆதரவு பெற்ற கடன் எதுவாயினும், கிணற்று நீர் குடிக்கத் தக்கது என்ற ஆய்வகச் சான்றும், கழிவுநீர் அமைப்பு ஒழுங்காக இயங்குகிறது என்ற அறிக்கையும் வேண்டும். எங்கள் பள்ளத்தாக்கில் பல பத்தாண்டுகளாக நிலத்தில் இட்ட உரமும் மாட்டுப் பண்ணைக் கழிவும் நிலத்தடி நீரில் நைட்ரேட்டாக இறங்கியிருக்கின்றன. நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்பது கூட்டாட்சி வரம்பு. அதைத் தாண்டிய நீரைப் பச்சிளம் குழந்தைக்குப் பாலில் கலந்து கொடுத்தால் உடல் நீலம் பாரிக்கும் நோய் வரலாம். நல்ல வீடு, நல்ல விலை, ஒப்புதலான கடன் எல்லாம் கூடிவந்து, ஆய்வகத்திலிருந்து வந்த ஒரு தாளால் விற்பனை நின்றுபோன கோப்புகள் எங்கள் அலுவலகத்தில் உண்டு. அந்தத் தாளை யாரும் நொந்துகொள்ளக் கூடாது என்பது என் கருத்து. அது அந்தக் குடும்பத்துக் குழந்தையைக் காத்த தாள்.

நீரின் தரம் ஒருபுறம், அளவு மறுபுறம். 2014ஆம் ஆண்டு வறட்சியில் இந்தக் கவுண்டியின் ஈஸ்ட் போர்ட்டர்வில் என்ற ஊரில் நூற்றுக்கணக்கான வீட்டுக் கிணறுகள் வற்றின. முற்றத்தில் தொட்டி வைத்து லாரித் தண்ணீரில் குடும்பங்கள் வாழ்ந்தன. 2016 முதல்தான் பக்கத்து நகரமான போர்ட்டர்வில்லின் குழாயோடு அந்த வீடுகள் இணைக்கப்பட்டன. பெரும் பண்ணைகள் ஆயிரம் அடிக்கும் கீழே துளையிட்டு உறிஞ்சும்போது, நூறு அடிக் கிணற்றை நம்பியிருக்கும் சிறு வீட்டின் ஈட்டு மதிப்பு தண்ணீரோடு சேர்ந்து இறங்கிவிடுகிறது. எந்த வங்கியும் இதை மறுக்க முடியாது. மறுக்கவும் இல்லை, அத்தகைய வீடுகளிலிருந்து ஒதுங்கிக்கொள்கிறது. அப்போது கைகொடுப்பது அதே சட்டத்தின் 504ஆம் பிரிவு: வருமானம் மிகக் குறைந்த வீட்டுக்காரருக்குப் பழுதுபார்க்க 1 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு 40,000 டாலர் வரை கடன், 62 வயது கடந்து, கடனைத் திருப்பிக் கட்ட இயலாதவருக்கு 10,000 டாலர் வரை மானியம். கிணற்றை ஆழப்படுத்தவும், கழிவுநீர்த் தொட்டியை மாற்றவும், கூரை வேயவும் இது உதவுகிறது. இதுவும் அரசே நேரடியாகத் தருவது.

நேரடிக் கடனில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டும் நிதிக்காகப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அலுவலகங்களில் ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். ரொக்கத்தோடு வரும் முதலீட்டாளர் பக்கத்தில் நிற்க, இத்தனை மாதம் காத்திருக்கும் ஒருவரின் விலைக் கோரிக்கையை ஏற்க விற்பவர் தயங்குவது இயல்பே. அரசின் செயல்பாடே நின்றுபோகும் நாள்களில் நிலைமை இன்னும் மோசம். 2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை 35 நாள்களும், 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரையும் செலவு மசோதா நிறைவேறாமல் அரசு முடங்கியபோது, வேளாண்மைத் துறை புதிய கடனுக்கோ உத்தரவாதத்துக்கோ ஒப்புதல் வழங்கவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்வதாக எழுதிக் கொடுத்துவிட்டுச் சாவிக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்கு அந்த வாரங்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை எழுத வேண்டியதில்லை. நகரத்தில் வீடு வாங்குபவரின் கடன் பெரும்பாலும் தடையின்றி நடந்துகொண்டிருக்க, கிராமத்தில் வாங்குபவரின் கடன் மட்டும் நிற்பது முறையன்று.

ஆனால் தாமதம் ஒரு திட்டத்தைச் சீர்படுத்தக் காரணமாகலாம், ஒழிக்கக் காரணமாகாது. சீர்படுத்த முடியும் என்பதற்குத் தெற்கு டகோட்டாவில் சான்று இருக்கிறது. அங்குள்ள பூர்வகுடி ஒதுக்கு நிலங்களில், நிலம் அரசின் அறக்கட்டளைப் பொறுப்பில் இருப்பதால் வங்கிகள் அதை அடமானமாக ஏற்கத் தயங்குகின்றன. தொலைவில் இருக்கும் துறை அலுவலகமும் பத்தாண்டுகளில் விரல்விட்டு எண்ணத்தக்க கடன்களையே தர முடிந்தது. 2018இல் துறை ஒரு சோதனை முயற்சியாக, பூர்வகுடி மக்களே நடத்தும் இரண்டு உள்ளூர்க் கடன் நிறுவனங்களிடம் நேரடிக் கடன் நிதியைக் கொடுத்து, தகுதியானவர்களுக்குக் கடன் தரும் பொறுப்பையும் அவர்களிடமே ஒப்படைத்தது. மக்களின் மொழியும் நிலத்தின் சிக்கலும் அறிந்த அந்த நிறுவனங்கள், துறை முந்தைய பத்தாண்டில் கொடுத்ததைவிட அதிக வீட்டுக்கடன்களைச் சில ஆண்டுகளில் கொடுத்து முடித்தன. அதே ஏற்பாட்டை எங்கள் கவுண்டி போன்ற இடங்களிலும், டெக்சாஸ் எல்லையோரக் குடியிருப்புகளிலும், மிசிசிப்பி டெல்டாவிலும் ஏன் தொடங்கக் கூடாது?

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்த ஒழிப்பு முன்மொழிவை ஏற்கவில்லை என்பது ஆறுதல். ஆனாலும் ஒவ்வோராண்டும் நிதி ஒதுக்கீட்டுக் காலத்தில் இது திரும்பத் திரும்ப எழக்கூடியது. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் தங்கள் தொகுதியின் பிரதிநிதிக்கும் மாநிலத்தின் செனட்டர்களுக்கும், 502 நேரடிக் கடனையும் சுய உதவி மானியத்தையும் காக்குமாறும், அரசு முடங்கும் காலத்திலும் கிராமப்புற வீட்டுக்கடன் ஒப்புதல்கள் தொடர வழிசெய்யுமாறும் எழுத வேண்டும். நம்மில் பலருக்கு இக்கடன் தேவைப்படாது. நாம் உண்ணும் பழத்தையும் குடிக்கும் பாலையும் தருபவர்களுக்குத் தேவைப்படுகிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. முன்பணமில்லா வீடு என்ற விளம்பரமோ கட்டுரையோ தங்கள் நாளிதழில் இடம்பெறும்போது, உத்தரவாதம் யாருக்கு, வருமானம் எப்படிக் கணக்கிடப்படுகிறது, எந்த விசாவில் இருப்பவர் தகுதி பெறுவதில்லை, கிணற்று நீரை ஏன் சோதிக்க வேண்டும் என்ற நான்கு செய்திகளையும் உடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்காவின் கிராமப்புறங்களிலும் சிறு நகரங்களிலும் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், அரசு அங்கீகாரம் பெற்ற வீட்டுவசதி ஆலோசகர் ஒருவரை ஆண்டுக்கு ஒருமுறையாவது அழைத்துக் கூட்டம் நடத்தினால், கையெழுத்திடும் முன்பே மக்கள் தங்கள் ஐயங்களைத் தீர்த்துக்கொள்வார்கள். அத்தகைய கூட்டங்களில் கடன் ஆவணங்களைத் தமிழில் படித்து விளக்க என்னைப் போன்ற எஸ்க்ரோ ஊழியர்கள் கட்டணமின்றி முன்வருவோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
துலேரி கவுண்டி, கலிபோர்னியா.